ஒரே முக்காலி, ஒரே வாரம்

நவம்பர் 26, புதன்

தம்பி,

இரண்டாம் தட்டில் இருக்கும் மேல்தாடைப் பல்செட் பஸ் கண்டக்டருடையது. வெள்ளிக்கிழமை வாயில் வைத்துப் பார்க்க டாக்டர் கேட்டிருக்கிறார். முன்பற்களை மெழுகில் அடுக்கிவிட்டேன். தயவுசெய்து அவற்றை நேராக்கிவிடாதீர்கள். வலப்பக்கம் ஒன்று லேசாகத் திரும்பியிருப்பது என் கைப்பிசகு இல்லை. அவர் கொடுத்தனுப்பிய கல்யாணப் போட்டோவில் அப்படித்தான் இருக்கிறது. கொஞ்சம் கோணல் இருந்தால்தான் சொந்தப் பல். நீங்கள் அடுக்குவது படை அணிவகுப்பு.

அடுத்த விஷயம். வருகைப் பதிவு மெஷினுக்கு மேலே முதலாளி ஒட்டியிருக்கும் காகிதத்தை நாளை நீங்களும் பார்ப்பீர்கள். வருடக் கடைசியில் இனி 'நெகிழ்வு விடுப்பு'. ஆளுக்கு ஒரு முழு வாரம். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிவதற்குள் எந்த வாரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே இடத்தில் வேலை பார்க்கிறவர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்ய வேண்டும். இடம் மட்டும் காலியாக இருக்கக் கூடாது.

நம் இடம் ஒரே முக்காலி. திங்கள், செவ்வாய், புதன் நான். வியாழன், வெள்ளி, சனி நீங்கள். நான்கு வருடமாக இந்த மேஜை டிராயரில்தான் பேசிக்கொள்கிறோம். லேப் முழுக்க நம்மை முன்பாதி, பின்பாதி என்கிறார்கள். உங்கள் முகத்தைச் சுவரில் இருக்கும் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரையிலான வாரம் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் என் மகள் ஐந்து மாதக் குழந்தையோடு வருகிறாள். அந்த ஒரு வாரம்தான். பேத்தியை இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறேன். அந்த வாரம் ஆறு நாளும் நீங்கள் உட்கார வேண்டியிருக்கும். உங்கள் வாரத்தில் ஆறு நாளும் நான் உட்காருகிறேன்.

முன்பாதி


நவம்பர் 29, சனி

அக்கா,

கண்டக்டர் பல்லில் கை வைக்கவில்லை. கை துறுதுறுத்தது உண்மை. பாலிஷ் போடும் அம்மாவிடம் சொல்லி என் கையைக் கட்டிப்போடச் சொன்னேன். "எனக்கு வேற வேலை இல்லையா?" என்று போய்விட்டார்.

காகிதத்தைப் பார்த்தேன். இருபத்தாறு வருடமாக இங்கே இருக்கும் நீங்கள் வாய் திறந்து லீவு கேட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. முதல் தடவை கேட்கிறீர்கள். நான் குறுக்கே நிற்க வேண்டியிருக்கிறது.

எனக்கு ஒரு மகள். ஏழு வயது. நானும் அவள் அம்மாவும் பிரிந்து மூன்று வருடம் ஆகிறது. பிள்ளை அம்மாவோடு வேறு ஊரில் இருக்கிறாள். அரையாண்டு லீவில் ஒரு வாரம் என்னோடு இருக்கலாம் என்று பேச்சு. ஒரே நிபந்தனை, நான் வீட்டில் இருக்க வேண்டும். பிள்ளையை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போனால் அவள் அம்மா அனுப்ப மாட்டாள். போன இரண்டு வருடமும் லீவு கிடைக்கவில்லை, பிள்ளையும் வரவில்லை. முதலாளி சொன்ன நாட்களுக்குள் முழு வாரமும் பள்ளி விடுமுறையாக வருவது நீங்கள் கேட்கும் அதே வாரம்தான்.

காகிதத்தைப் படித்ததும் துள்ளிக் குதித்தேன். அன்று மதியமே போன் செய்து பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். பிறகுதான் டிராயரைத் திறந்தேன். முதலில் திறந்திருக்க வேண்டும்.

பின்பாதி


டிசம்பர் 3, புதன்

தம்பி,

படித்தேன். இரண்டு நாள் யோசித்தேன்.

உங்கள் மகள் இதே நாட்டில் இருக்கிறாள், ரயில் ஏறினால் சில மணி நேரம். என் மகள் இரண்டு விமானம் மாறி வர வேண்டும். டிக்கெட் எடுத்தாயிற்று. நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நான் அப்படிப் போக முடியுமா?

கல் நெஞ்சக்காரி என்று நினைக்க வேண்டாம். உள்ளதைச் சொன்னேன்.

கண்டக்டர் வாயில் பல் சரியாக உட்கார்ந்ததாம். கண்ணாடியைப் பார்த்துவிட்டு மனைவிக்குப் போன் போட்டாராம். வருடக் கடைசி விருந்துக்குள் பல் வேண்டும் என்று ஊரே நிற்கிறது. பதினான்கு அச்சு வரிசையில் இருக்கிறது.

முன்பாதி


டிசம்பர் 6, சனி

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்கிறீர்கள். போகிறேன். மாதம் ஒரு ஞாயிறு, அவர்கள் வீட்டு வரவேற்பறையில், டீ குடித்து முடிக்கிற வரைக்கும். பிள்ளை சோபாவின் அந்த ஓரத்தில் உட்கார்ந்து எனக்கு ரிப்போர்ட் கார்டைக் காட்டுவாள். அது பார்ப்பதா? அவள் எப்படித் தூங்குகிறாள், எதைத் தின்ன மறுக்கிறாள் என்று எனக்குத் தெரியாது அக்கா. நீங்கள் உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் வைத்து வளர்த்து, படிக்க வைத்து, விமானம் ஏற்றி அனுப்பினீர்கள். எனக்கு அந்தக் கணக்கில் ஒன்றுமே வரவில்லை.

முதலாளியைத்தான் மெச்ச வேண்டும். முன்பெல்லாம் லீவு இல்லை என்று அவரே சொல்லிவிடுவார். எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து அவரைத் திட்டுவோம், மனசு ஆறிவிடும். இப்போது நல்ல பிள்ளை மாதிரி லீவைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பிளாஸ்டர் அறையில் இரண்டு பேருக்கு இதனாலேயே பேச்சுவார்த்தை இல்லை. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்றால் இதுதான்.

பதினான்கில் ஐந்தை முடித்துவிட்டேன்.

பின்பாதி


டிசம்பர் 10, புதன்

தம்பி,

முதலாளியிடமே போய்க் கேட்டேன். "நீங்களே பேசி முடிச்சுக்கோங்க. நான் உள்ள வந்தா அது நெகிழ்வு இல்ல" என்றார். இரண்டு பேருக்கும் அதே வாரம் கொடுத்துவிட்டு வெளியாள் ஒருவரை உட்கார வைக்கலாமே என்றேன். "உங்க ரெண்டு பேர் மாதிரி அடுக்க ஆள் எங்கம்மா இருக்கு?" என்றார். பாராட்டிலேயே ஆளைக் கட்டிப்போடுகிற மனிதர். வேண்டுமானால் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள் என்று சிரித்தார். என் பேத்தியைச் சீட்டில் எழுதிப் போட எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. வீட்டுக்காரர் போய் ஒன்பது வருடம். இந்த இருபத்தாறு வருடத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும், யார் வீட்டில் கல்யாணம் என்றாலும், "அக்காவைக் கேட்டா வருவாங்க" என்றுதான் சொல்வார்கள். வந்தேன். இந்தத் தடவை வர முடியாது. இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

முன்பாதி


டிசம்பர் 13, சனி

அக்கா,

போன வாரத்துக் கடிதத்தைக் கோபத்தில் எழுதிவிட்டேன். உங்கள் பிள்ளை வளர்ப்பை இழுத்திருக்க வேண்டாம்.

வியாழன் முழுக்க உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே பல் அடுக்கினேன். பச்சைக் குழந்தையின் முகம் பார்க்கக் காத்திருப்பவரிடம் என்ன மல்லுக்கட்டுவது? வாரம் உங்களுக்கு. விடுப்புப் பலகையில் உங்கள் பெயரை நானே எழுதிவிட்டேன், அழிக்க முடியாத பேனாவில். அப்புறம் எனக்கே மனசு மாறிவிடக் கூடாது பாருங்கள்.

என் மகளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

பின்பாதி


டிசம்பர் 17, புதன்

தம்பி,

பலகையைப் பார்த்துவிட்டுப் பாத்ரூமில் போய் அழுதேன். இதை எழுத எனக்கு வெட்கம் இல்லை.

பரணிலிருந்த தொட்டிலை இறக்கித் துடைத்துவிட்டேன். என் மகள் கிடந்த அதே தொட்டில். கீழே சாவி வெட்டும் கடைக்காரர் ஒரு திருகாணி மாற்றிக் கொடுத்தார். தெருவில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று.

நீங்கள் செய்ததை நான் மறக்க மாட்டேன். அடுத்த வருடம் இந்த வாரம் உங்களுடையது.

அக்கா


டிசம்பர் 20, சனி

அக்கா,

சந்தோஷம்.

பிள்ளையின் அம்மாவிடம் பேசினேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன், படவில்லை. "இருபத்தேழாம் தேதி மத்தியானம் வரைக்கும் பார்க்கிறேன். லீவு கிடைச்சா சொல்லு, முழு வாரமும் விட்டுட்டுப் போறேன். இல்லைன்னா ஜனவரி ஒண்ணாம் தேதி ஒரு நாள் மட்டும் கொண்டுவந்து விடறேன், சாயங்காலம் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றாள். அதற்குள் என்ன மாறப்போகிறது? அந்த ஒரு நாளுக்கு முதலாளியிடம் அனுமதி வாங்கிவிட்டேன், பிள்ளை லேபிலேயே என் பக்கத்தில் உட்காரலாம். அதுவும் வேடிக்கையாகத்தான் இருக்கும். அப்பா என்ன வேலை செய்கிறான் என்று அவள் இதுவரை பார்த்ததில்லை.

பாப்பாவுக்கு என் ஆசிகள்.

பின்பாதி


டிசம்பர் 24, புதன்

தம்பி,

நான்கு அச்சுகள் முடிந்தன. ஆறாம் தட்டில் கீழ்த்தாடை ஒன்று, உதட்டுப் பக்கம் மெழுகு தடிப்பு, குறைக்க வேண்டும். வெந்நீர்த் தொட்டியின் சுவிட்ச் சூடாகிறது, தொடும்போது கவனம்.

வேறு ஒன்றும் இல்லை.

முன்பாதி


ஜனவரி 3, சனி

அக்கா,

ஆறு நாள் முடிந்தது. விருந்தில் கடித்து உடைந்து வந்த பல்செட்டுகள் ஒன்பது. அதில் ஒருவர் பல்செட்டின் பாதியை விழுங்கிவிட்டதாகப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படமெல்லாம் எடுத்துவிட்டாராம். பிறகு பார்த்தால் அந்தப் பாதி சட்டைப் பையில் இருந்ததாம்.

வியாழக்கிழமை மகள் வந்திருந்தாள். அந்த முக்காலியில் அவள் உட்கார, நான் நின்றுகொண்டே வேலை பார்த்தேன். "மத்த மூணு நாள் இதுல யாருப்பா உட்காருவாங்க?" என்றாள். ஒரு பெரியம்மா, பாப்பாவைப் பார்க்க லீவில் இருக்கிறார் என்றேன். "பாப்பாவுக்குப் பல் இருக்கா?" இல்லை என்றேன். உடனே ரோஸ் மெழுகில் ஒன்று உருட்டிவிட்டாள். முளைக்கிற வரைக்கும் பாப்பா இதை வைத்துக்கொள்ளட்டுமாம். தீப்பெட்டியில் போட்டு டிராயரில் வைத்திருக்கிறேன். கோணலாகத்தான் இருக்கிறது, உங்களுக்குப் பிடிக்கும்.

பாப்பா எப்படி இருக்கிறாள்? யார் ஜாடை?

பின்பாதி


ஜனவரி 7, புதன்

தம்பி,

திங்கட்கிழமை காலையில் தீப்பெட்டியைத் திறந்தேன். மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழிக்கிறேன்.

பாப்பா வரவில்லை. குழந்தைக்குக் காதில் சீழ், விமானத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏப்ரலுக்குத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். எனக்கு இது தெரிந்தது டிசம்பர் 23, செவ்வாய்க்கிழமை சாயங்காலம்.

மறுநாள் புதன். இதே மேஜையில் காகிதத்தை எடுத்து, 'தம்பி' என்று எழுதினேன். உங்கள் முந்தைய கடிதம் பக்கத்திலேயே இருந்தது. இருபத்தேழாம் தேதி மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கிறது என்று அதில் இருந்தது. ஒரு வரி போதும். நான் வெந்நீர்த் தொட்டி சுவிட்சைப் பற்றி எழுதினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். யோசித்துப் பார்த்தேன். லேப் முழுக்கச் சொல்லிவிட்டேன், வரவில்லை என்று திரும்பச் சொல்ல வெட்கம், அது ஒன்று. அது மட்டும் இல்லை. இருபத்தாறு வருடத்தில் நான் கேட்டு எனக்கென்று கிடைத்தது அந்த ஒரு வாரம். மகளும் இல்லை, பேத்தியும் இல்லை என்று ஆனபிறகு, வாரத்தையும் தூக்கிக் கொடுத்துவிட்டு மறுபடியும் இந்த முக்காலியில் வந்து உட்கார எனக்கு மனசில்லை. உங்களுக்குக் கிடைப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார மனசில்லை. அதுதான் உண்மை. தெரிந்தே செய்தேன்.

ஆறு நாளும் வீட்டில் இருந்தேன். தொட்டிலைத் திரும்பவும் பரணில் ஏற்றினேன். ஒரு நாளும் உட்கார்ந்து சாப்பிட்டதாக நினைவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. மெழுகுப் பல்லை டிராயரில் அப்படியே வைத்திருக்கிறேன். அதை எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

முன்பாதி


ஜனவரி 10, சனி

அக்கா,

எனக்குத் தெரியும்.

ஒன்றாம் தேதி நாலரை மணிக்கு வேலையை முடித்தேன். பிள்ளையைக் கூட்டிப் போக ஆறரைக்குத்தான் வருவார்கள். தீப்பெட்டியைப் பாப்பாவிடம் தானே கொடுக்க வேண்டும் என்று பிள்ளை அடம். ஆபத்துக்குக் கூப்பிட என்று சுவரில் எல்லோருடைய விலாசமும் எழுதி வைத்திருக்கிறார்களே, அதைப் பார்த்துக்கொண்டு உங்கள் தெருவுக்கு வந்தோம். நீங்கள் மாடி பால்கனியில் தனியாக நின்றுகொண்டிருந்தீர்கள். போட்டோவில் இருப்பதைவிட உயரம் குறைவு. கொடியில் ஒரே ஒரு துண்டு காய்ந்தது.

சாவிக் கடைக்காரரிடம் கேட்டேன். "பொண்ணா? வரலையே சார். போன வாரமே சொன்னாங்களே, ஏப்ரல்லதானாம்" என்றார். நல்லவேளை, பிள்ளை சாவி மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழவில்லை. "பாப்பா எங்கப்பா?" என்றாள். "தூங்குது, பெரியம்மாகிட்ட அப்புறம் குடுத்துக்கலாம்" என்றேன். திரும்பி வந்துவிட்டோம். அவளுக்கு என்னோடு கிடைத்த ஒரே நாளில் பொய் சொன்னேன். உங்களுக்காகச் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. உண்மையில் அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

தீப்பெட்டியை டிராயரில் வைத்தது நல்ல மனசில் இல்லை. உறுத்தட்டும் என்றுதான் வைத்தேன். யார் ஜாடை என்று கேட்டதும் அதற்காகத்தான். நீங்கள் மறைத்து எழுதியிருந்தால் முதலாளியிடம் போயிருப்பேன். வேறு லேப் பார்க்கவும் தயாராக இருந்தேன்.

கோபம் இருக்கிறது. கொஞ்ச நாள் இருக்கும். ஐந்து நாள் அக்கா. ஐந்து காலை அவள் எழுந்திருப்பதை நான் பார்த்திருப்பேன். அதை யாரும் திருப்பித் தர முடியாது, நீங்களும் முடியாது.

இப்போது ஒரு விஷயம். வரும் 16, 17 வெள்ளியும் சனியும் அவள் பள்ளிக்குப் பொங்கல் லீவு, நமக்குப் பொங்கலன்று மட்டும்தான். லீவு கிடைத்தால் அனுப்புகிறேன் என்கிறாள் அவள் அம்மா. என் விடுப்பிலிருந்து இரண்டு நாளைப் பிரித்துக்கொள்ள முதலாளி சரி என்றார். அந்த இரண்டு நாளும் நீங்கள் உட்கார வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பிள்ளை தினமும் போனில் பாப்பாவைப் பற்றிக் கேட்கிறாள். பல் பொருந்தியதா என்று கேட்கிறாள். நான் இனிமேல் பொய் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை மத்தியானம் லேபுக்குக் கூட்டி வருகிறேன். நீங்களே அவளிடம் சொல்லுங்கள்.

பின்பாதி


ஜனவரி 17, சனி

தம்பி,

நான்கு வருடத்தில் முதல் தடவையாக உங்களை நேரில் பார்த்தேன். 'வாங்க' என்று சொல்லி முக்காலியை விட்டு எழுந்தேன். நீங்கள் பிள்ளையை முக்காலியில் உட்கார வைத்துவிட்டு, இருவர் இன்னும் பேசிக்கொள்ளாத அந்தப் பிளாஸ்டர் அறைக்குள் போய் அரை மணி நேரம் நின்றீர்கள். வேண்டுமென்றேதான் போனீர்கள் என்று தெரியும். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

தீப்பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "குடுக்கலையா?" என்றாள். பாப்பா வரவில்லை, காது வலி, விமானத்தில் ஏற முடியவில்லை என்றேன். "பாவம்" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். அவளுக்குப் போதுமாகத்தான் இருந்தது. ஆனால் நீங்கள் சொல்லச் சொன்னது அது இல்லை.

பாப்பா வரவில்லை என்று எனக்கு முன்னாலேயே தெரியும், உங்க அப்பாவிடம் நான் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நீ அந்த வாரம் முழுக்க அப்பாவோடு இருந்திருப்பாய் என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். உங்கள் கண்.

"அப்போ அத்தனை நாளும் என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. வீட்டுல இருந்தேன்."

மெழுகுக் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணலைன்னா எங்கப்பாவுக்குக் குடுத்திருக்கலாமே?"

"குடுத்திருக்கலாம்" என்றேன்.

இருபத்தாறு வருடத்துக் கதை, வயது, தனிமை, கேட்டுக் கிடைத்தது, எல்லாம் உங்களுக்கு எழுத முடிந்தது. அவள் முன்னால் அதில் ஒரு வார்த்தையும் நிற்காது.  தீப்பெட்டியை மூடி, டிராயரில் என் பக்கத்து மூலையில் தள்ளி வைத்தாள். "ஏப்ரல்ல குடுத்திடுங்க. மறக்காதீங்க" என்றாள்.

நீங்கள் இருவரும் போனபிறகு பலகைக்குப் போனேன். உங்கள் விடுப்பில் மிச்சம் நான்கு நாள். அவளுக்குப் பள்ளி விடுகிற நாட்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், எந்த நாள் என்றாலும் உட்காருகிறேன். அடுத்த வருடத்துப் பலகை இன்னும் வரவில்லை. வந்ததும் கடைசி வாரத்தில் உங்கள் பெயர் இருக்கும், அழிக்க முடியாத பேனாவில்.

ஏப்ரலில் என் மகள் வரும்போது நான் லீவு எடுக்கவில்லை. என்னிடம் மிச்சம் இல்லை. அதை எடுத்தாயிற்று. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

வெந்நீர்த் தொட்டி சுவிட்ச் மாற்றியாயிற்று. மூன்றாம் தட்டு மேல்தாடை ஒரு டீச்சருடையது, வியாழன் சாயங்காலத்துக்குள் போக வேண்டும். போட்டோ அனுப்பவில்லை. உங்களுக்குச் சரியென்று படுகிற மாதிரி அடுக்குங்கள்.

அக்கா